எழுதாமல் விட்ட மிச்சம்

சிம்பாங் பூலாயில் ஒரு பசியாறும் கடையின் மாடியில் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் பத்துப் பேர் கூடினோம். நாற்காலி ஒன்பது. மற்றவர்கள் பள்ளியை எப்போதோ விட்டவர்கள், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் வேதியியலைத் தனியாக எழுதப் போகிறவர்கள். எழுபத்து மூன்று வயதில் எனக்குத் தேர்வு ஏதும் இல்லை. முட்டைக்கு டஜன் போல அணுக்களை எண்ணவும் மோல் என்று ஓர் அளவு உண்டு என்று கேள்விப்பட்டேன். எதையாவது எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. போய்விட்டேன். ஏறுவதற்குப் பதினேழு படி, கைப்பிடி ஆடும். கடைக்காரரிடம் நான்கு முறை சொன்னேன்.

சொல்லிக்கொடுத்தவர் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் முப்பது வயதுக்காரர். என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு நாற்பத்திரண்டு. கையுறைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றபடி பெட்டி அடுக்கி அவருக்குக் கால் நரம்பு சுருண்டிருந்தது. வேதியியலில் தேறினால் ஆய்வுக்கூடத்துக்கு மாற்றுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். நான் முப்பத்தொரு ஆண்டு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் என்று தெரிந்ததும், "கிராணி ஐயா, பாத்துக் குடுங்க" என்று நோட்டை நீட்டத் தொடங்கினார். பென்சிலால் திருத்திக் கொடுப்பேன்.

மாதிரித் தேர்வில் அவருக்கு இருபதுக்கு ஏழு.

"மண்டையில ஏறல. நான் நிறுத்திக்கிறேன் லா," என்றார்.

ஆசிரியர் விடைத்தாளைப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினார். "இருங்க அக்கா. தப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எல்லாமே கொறைவா வருது, ஒன்னுகூட கூடல." ஒரு கணக்கில் விரலை வைத்தார். இருநூற்றெழுபது கிராம் சுண்ணாம்புக்கல், 2.7 மோல். அதை அடித்து 2.5 என்று பென்சிலில் எழுதியிருந்தது. "பாயிண்ட் ரெண்டு எங்க போச்சு?"

"கிராணி ஐயா திருத்துனாரு. அதப் பாத்துத்தான் பரீட்சையிலயும் அப்படியே போட்டேன்."

எனக்குக் காது சூடேறியது. தோட்டத்தில் தொழிலாளர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலைக் கூலிக்காக நிறுக்கும்போது, அரைக் கிலோவுக்குக் குறைந்த மிச்சத்தை எழுதக்கூடாது என்பது உத்தரவு. முப்பத்தொரு ஆண்டு நான் எழுதவில்லை. பழகிய கை இங்கேயும் அதையே செய்திருக்கிறது. அதை அப்படியே சொன்னேன்.

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்கம்மா பத்து காஜா ஊருப் பக்கம் பால் மரம் வெட்டுனவங்க. 'இன்னிக்கும் கொறச்சிட்டான் அந்தக் கிராணி'ன்னு தெனமும் திட்டுவாங்க. அம்மா சும்மா சொல்றாங்கன்னு நாங்க சிரிப்போம்."

"நான் அந்தத் தோட்டம் இல்லம்மா," என்றேன். அது உண்மைதான். சொன்னதும் கூசியது. "ஆனா நானும் அப்படித்தான் எழுதினேன்."

அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். "இதுல முப்பத்தெட்டு கணக்கு இருக்கு. ஒன்னு விடாம திருப்பிப் போடுங்க. மிச்சத்தோட."

"நாப்பத்தொன்னு இருக்கு."

"பாரு, நல்லா எண்ணத் தெரியுது லா கிராணிக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மூன்று சனிக்கிழமை ஆனது. நான் போட்டேன், அவர் சரிபார்த்தார். அழிரப்பர் அவர் கையில் இருந்தது.

தேறிவிட்டார். இப்போது உட்கார்ந்து வேலை பார்க்கிறார். அவருடைய தராசு புள்ளிக்குப் பிறகு நான்கு இடம் காட்டுமாம், நான்கையும் எழுதுகிறாராம். அன்றைக்கு அவர் எழுந்து போயிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. என் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். எதையும் எண்ணிவிடும் எனக்கு எண்ணி முடிக்க முடியாத நன்றி அது ஒன்றுதான்.