அக்காவின் அளவுக்கு ஒரு தூண்டில் கம்பு

அம்மா கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது என் கண் முருகன் மேல் இல்லை. படத்துக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றும் விளக்குச் சக்கரத்தின் மேல் இருந்தது. அட, இந்த மோட்டார் போதுமே!

அக்காவுக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்றைக்கு இருவரும் அணைக்குத் தூண்டில் போடப் போவோம். அவள் குள்ளம். கடையில் வாங்கிய கம்பின் நீளப் பிடி ஒவ்வொரு வீச்சிலும் அவள் விலாவில் இடித்தது. "இனி நா வரலடா, நீயே போய்ப் புடி" என்றுவிட்டாள். அவள் இல்லாத கரையில் என்னால் உட்காரவே முடியாது. அவள் அளவுக்கே ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய ஃபைபர் கம்பு, சைக்கிள் ஹேண்டிலின் நுரை உறை, தையல் நூல். தூண்டிலின் நைலான் நரம்பு ஓடும் வளையங்களைக் கம்போடு சேர்த்து நூலால் இறுக்கிச் சுற்றி, மேலே பசை பூச வேண்டும். பசை இறுகும்வரை கம்பு உருண்டுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஒரு பக்கமாக வடிந்துவிடும். கையால் உருட்ட எனக்குப் பொறுமை ஏது?

"சாமி சக்கரத்த ஏன்டா கண்ணு கழட்டறே?"

"ஒரு நாளைக்குத்தாம்மா. முருகன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு."

"நா சொல்லுவனே!"

சொன்னாள். சொல்லிக்கொண்டே நின்று அந்த மோட்டாரில் கம்பு சுற்றுவதையும் பார்த்தாள்.

ஞாயிறன்று அக்கா வீசினாள். பிடி விலாவைத் தொடவில்லை. புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் பெரிய கட்லா மீன் ஒன்று இழுத்தது. வளைந்த கம்பு அவள் கைக்குள்ளேயே முறுக்கித் திரும்ப, நரம்பு கம்பில் உரசி அறுந்தது.

எந்தக் கம்பும் ஒரு பக்கமாகத்தான் இயல்பாக வளையும். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்த பிறகே வளையம் கட்ட வேண்டும். இல்லையென்றால் பாரம் ஏறியதும் கம்பு முறுக்கிக்கொள்ளும். படித்திருந்தேன். அவசரத்தில் தாண்டிப் போயிருந்தேன்.

"உன்ற கம்பு மீனுக்கு வழியனுப்பி வெக்குதுடா" என்று சிரித்தாள் அக்கா. "ஆனா வெலா வலிக்கல. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணு. இல்லீன்னா நா ஊட்டுலயே படுத்துத் தூங்குவேன்."

இப்போது பிளேடால் பசையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை வளையங்களை முதலில் வெறும் டேப்பால் ஒட்டி, நரம்பின் முனையில் தண்ணீர் வாளியைக் கட்டித் தூக்கிப் பார்க்கப் போகிறேன். கம்பு முறுக்காமல் நின்றால்தான் நூலைத் தொடுவேன்.