நூற்று இருபது என்றாள் அம்மா

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருமயம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவைப் புதுக்கோட்டையில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். சீட்டில் மூன்று மாத்திரைகளுக்குக் கீழே, நான்காவதாக ஒரு மொபைல் ஆப்பின் பெயரை எழுதினார். தினமும் சர்க்கரை அளவை அதில் பதிந்தால் போதுமாம், மீதியை அவர் பார்த்துக்கொள்வாராம்.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ஆப் என் போனில், சோதிக்கிற மெஷின் அம்மா கையில். காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்து, போனில் எண்ணைச் சொல்வாள். விராலிமலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் நான் பதிவேன்.

முதல் வாரம் முழுக்க முந்நூறுக்கு மேல். ஆப்பில் சிவப்பு வந்தாலே பரீட்சையில் நானே ஃபெயிலான மாதிரி எரிச்சல் வரும். "என்னத்தம்மா தின்ன? சொன்னா கேக்கவே மாட்டியா?" என்று தினமும் கத்தினேன். அப்புறம் எண்கள் மடமடவென்று இறங்கின. நூற்று முப்பது, நூற்று இருபது. எல்லாம் பச்சை. வேலை செய்கிற இடத்தில் காட்டிப் பீற்றிக்கொண்டேன் வேறு.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது டாக்டர் என் போனை மட்டும்தான் பார்த்தார். "கிராஃப் சூப்பரா இருக்கும்மா, இப்படியே இருங்க." ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. அம்மா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரும் குனிந்து பார்க்கவில்லை, பெற்ற பிள்ளை நானும் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். "தம்பி, ஒங்கம்மா கால்லேர்ந்து நாத்தம் வருது, ஒடனே வாங்க."

கருவேல முள் குத்திய புண். வலியே தெரியவில்லையாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்த மெஷினை வாங்கிப் பட்டனை அழுத்த, பழைய அளவுகள் வரிசையாக வந்தன. முந்நூற்று நாற்பது, முந்நூற்று எண்பது, நானூற்றுப் பத்து. நூற்று இருபது எங்குமே இல்லை.

"ஏம்மா பொய் சொன்ன?"

"வேலைக்குப் போற நேரத்துல கத்துறியேப்பா. ஒனக்கெதுக்கு டென்ஷன்னு கொறச்சு சொன்னேன்."

பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

அந்த டாக்டர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் அவரைத் திட்ட வாயெடுத்தால், நான் கத்திய கத்தல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. இப்போதெல்லாம் நான் ஏதும் கேட்பதற்கு முன்பே "நல்லா இருக்கேன்ப்பா" என்று முந்திக்கொள்கிறாள் அம்மா. அதை நம்ப முடியாமல், ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறிப் போய் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.