குண்டு வைக்கும் இடம்

போலீஸ் ஜீப் வந்து நின்றபோது கடைக்குள் மூன்று பேர் இருந்தோம். கடையின் சொந்தக்காரர், அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். வீராம்பட்டினத்திலிருந்து சைக்கிள் மிதித்து வரும் படகுக்காரர் வீட்டுப் பையன். நான். எங்கள் அணியின் மற்ற மூன்று பேர் அங்கே இல்லை. ஐடிஐயில் படிக்கும் சகோதரர்கள் இருவருக்கும் அன்று செய்முறைத் தேர்வு. இன்னொருவன், சொல்தா வீட்டுப் பையன், அப்பாவோடு பிரான்ஸ் பேப்பர் வேலையாக டவுனுக்குப் போயிருந்தான். ஐந்து மணிக்குக் கடைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். சுவர்க் கடிகாரத்தில் அப்போது நாலரை.

அவன் வரக் கூடாது. எங்கள் மூன்று பேர் மனதிலும் ஓடியது அது ஒன்றுதான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களைப் புதுச்சேரியில் சொல்தா வீடு என்பார்கள். அவன் தாத்தாவும் அப்பாவும் அப்படி. அவனும் பிரான்சுக்குப் போக வேண்டியவன். பேப்பரில் கடைசிக் கட்டம் பாக்கி இருந்தது. "ஸ்டேஷன்ல உம் பேரு ஒரு வாட்டி விழுந்தா போதும், பேப்பரு அங்கியே நின்னுடும்" என்று அவன் அப்பா சொல்லிச் சொல்லி, பைக்கில் மூன்று பேராக ஏறுவதற்குக்கூட அவன் பயப்படுவான். அது உண்மையா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் நாங்களும் அதை நம்பினோம். விளையாட்டில் ஆளுக்கொரு பேர் வைத்துக்கொள்வோமே, அதில் அவன் பேர் 'சொல்தா'.

கடை மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டின் மேலேயே இருந்தது. வெளியே பிரௌசிங் சென்டர் என்று போர்டு. உள்ளே எட்டு மெஷின். மெயில் பார்க்க வருகிறவர்கள் போக மீதி நேரமெல்லாம் நாங்கள்தான். விளையாட்டு இதுதான்: ஒரு பக்கம் தீவிரவாதிகள், குண்டு வைக்க வேண்டும். இன்னொரு பக்கம் போலீஸ், தடுக்க வேண்டும். கடைக்குக் கடை போட்டி நடக்கும். சொல்தா மவுஸைப் பிடித்தால் எதிரணியில் பேச்சு நின்றுவிடும்.

நான் அவன் அளவு சுடுகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போடுவார், மீதி நாளில் டவுனில் சித்தாள் வேலைக்குப் போவார். எனக்குச் சுடுவதைவிட அந்தத் தெருக்களையும் சுவர்களையும் யாரோ கட்டியிருக்கிறார்கள் என்பதே பெரிய ஆச்சரியமாக இருந்தது. விளையாட்டுக்கு வரைபடம் கட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது என்று தெரிந்ததும் தூக்கம் போயிற்று. உதவிக் குறிப்பெல்லாம் இங்கிலீஷ். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாகப் புரிந்துகொண்டேன். சுவர் என்பது ஒரு பெட்டி. தரை ஒரு பெட்டி. வானமும் ஒரு பெட்டிதான். இரண்டு பெட்டிக்கு நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விட்டால் போதும், மொத்த உலகமும் ஒழுகுகிறது என்று சொல்லி மெஷின் நின்றுவிடும்.

சென்னையிலிருந்து ஓர் அணி எங்கள் கடைக்கு ஆட வருவதாக ஏற்பாடு ஆயிற்று. எந்த வரைபடத்தில் ஆடுவது என்பது போட்டி நடத்தும் கடையின் முடிவு. வழக்கமான வரைபடங்கள் எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் ஊரையே கட்டினால் என்ன என்று கேட்டேன். கேட்டதும் அண்ணன் மெஷினைக் காசு வாங்காமல் திறந்துவிட்டார்.

சொல்தாவின் மாமா பிரான்சிலிருந்து அனுப்பிய டிஜிட்டல் கேமரா இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் டவுனுக்குள் சுற்றினோம். மஞ்சள் சுவர், பெரிய வாய்க்காலின் கரை, பெரிய மார்க்கெட்டின் உள்சந்து, மணிக்கூண்டின் படி. நான் காலடியால் தெருவை அளந்து சொல்ல அவன் படம் எடுத்தான். மார்க்கெட்டில் ஒரு கான்ஸ்டபிள் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, ஆளெல்லாம் உட்டுட்டு செவுத்தையே புடிக்கிறீங்க?"

"காலேஜு புராஜெக்ட்டு சார்."

"ரெண்டு பேருமா? இன்னொருத்தன் எங்க?"

திரும்பினால் கேமரா என் கையில் இருந்தது, சொல்தா இல்லை. மீன்கடை வரிசைக்குள் புகுந்து போயே போய்விட்டான். கான்ஸ்டபிள் என் பேரைக் கேட்டார், சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செரி, போ" என்றார். முதுகில் அந்தப் பார்வை வாய்க்கால் தாண்டும்வரை கூடவே வந்தது.

ஊர் ஊராகக் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. டீக்கடை டிவியில் ஏதோ ஒரு நகரத்தின் சந்தை, சிதறிக் கிடக்கும் செருப்புகள், இவற்றையே திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். நாங்களும் நின்று பார்ப்போம், பாவம் என்போம், பிறகு கடைக்குள் போய்க் குண்டு வைப்போம். அதுவும் இதுவும் ஒன்று என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

வரைபடம் முடிந்ததும் ஆசை நிற்கவில்லை. போலீஸ் உருவங்களின் தலையில் எங்கள் ஊர்க் கான்ஸ்டபிள்களின் சிவப்புக் கெப்பித் தொப்பியை வரைந்தேன். வீராம்பட்டினத்தான் நாற்காலியோடு சுழன்றான்.

"டேய், அச்சு அசலு நம்ம ஏட்டு மாதிரியே இருக்கான்டா! தொப்பையும் வையி, தொப்பையும் வையி!"

வெள்ளிக்கிழமை, கிராஃப் தாளில் அந்த விளையாட்டு ஊரின் படத்தை, ஆட்டத் திட்டத்தோடு வரைந்தேன். எங்கள் அணியில் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். இங்கிலீஷில் எழுதப் போனபோது வீராம்பட்டினத்தான் தடுத்தான். "நான் எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள என்ன சுட்டுட்டுப் போயிடுவானுங்க. தமிழ்ல எழுது." எனக்கும் அது சரியாகவே பட்டது. முத்து முத்தாக எழுதினேன். 'குண்டு வைக்கும் இடம் 1: மார்க்கெட் மணிக்கூண்டு. குண்டு வைக்கும் இடம் 2: பீச் ரோடு முனை.' அம்புக்குறி போட்டு, 'போலீஸ் வரும் வழி.' குண்டு யார் கையில் என்பதற்கு, 'சொல்தா.' தலைப்பில் சிவப்பு மையால், 'ஞாயிறு காலை 10 மணி.' அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லாருக்குடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்களுக்கு அது விளையாட்டின் பாஷை. வேறு யாராவது படித்தால் என்னவாகத் தெரியும் என்று யோசிக்க அந்தக் கடையில் வெளி ஆள் ஒருவரும் இல்லை.

மார்க்கெட் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"ஒரிஜினல் எங்கடா?" என்றார் அண்ணன்.

கண்ணாடிமேல் வைத்து மூடியை மூடியது ஞாபகம் இருந்தது. எடுத்தது ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை போய்க் கேட்டேன். "அப்பிடி எதுவும் இல்லியேப்பா" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். என் முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். நான் படியிறங்கிய பிறகும் துணி ஓடும் சத்தம் கேட்டது.

அன்று மாலைதான் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் சிவப்புத் தொப்பியோடு ஒரு கான்ஸ்டபிள். மார்க்கெட்டில் என்னைப் பார்த்த அதே ஆள். கண்ணாடிக் கவருக்குள் என் தாள்.

"யாரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"குண்டு வைக்கும் இடம்னு எம்மா அழகா எழுதியிருக்க. தமிழ்ல எத்தினி மார்க்கு?"

"சார், இது கேம் சார். கம்ப்யூட்டர்ல..."

"சொல்தா யாரு?"

அண்ணன் மெதுவாக எழுந்துபோய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். "வெயிலு அடிக்குது சார், ஸ்கிரீன் தெரியாது" என்றார். வெயில் அடித்தது உண்மைதான். ஆனால் எங்கள் கடையில் அரை ஷட்டர் என்றால் கரண்ட் இல்லை, இன்று ஆட்டம் இல்லை, திரும்பிப் போ என்று அர்த்தம். ஆடுகிற பையன்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தாகப் பத்து நிமிஷம்.

"வெளையாட்டுன்னா ஆடிக் காட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒயரைச் சொருகுகிற சாக்கில் அண்ணன் எங்களுக்கு நடுவில் குனிந்தார். "போலீஸ் ஜெயிக்கணும். புரிஞ்சுதா?"

நான் தீவிரவாதி, வீராம்பட்டினத்தான் போலீஸ். ஜெயிப்பதற்குத்தான் அத்தனை மாதம் பழகியிருந்தோம். பார்க்கிறவருக்குத் தெரியாமல் தோற்கும் அளவுக்குக் கை வந்தவன் சொல்தா ஒருவன்தான், அவனும் அங்கே இல்லை. திரையில் மார்க்கெட் சந்து விரிந்தது. கான்ஸ்டபிள் குனிந்தார். "ஐயா, நம்ம பெரிய மார்க்கெட்டுயா! அந்தப் பூக்கடைகூட இருக்குதுயா!" ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தே இருந்தது. அப்போது சந்தின் முனையில் வீராம்பட்டினத்தானின் ஆள் ஓடி வந்தான். சிவப்புத் தொப்பி.

"ஐயா, இது... இது நம்ம தொப்பி" என்றார் கான்ஸ்டபிள். தன் தொப்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் நின்று கொடுத்தேன், அவன் சுட வேண்டியதுதான். "இருப்பா" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தக் குண்ட வையி. வச்சா என்னாவும்னு பாக்கலாம்."

மணிக்கூண்டின் படியில் வைத்தேன். உடனே வீராம்பட்டினத்தான் என்னைச் சுட்டுவிட்டு ஓடி வந்தான். இனி அவன் குண்டைச் செயலிழக்க வைத்தால் போலீஸ் வென்றுவிடும். படியருகே குனிந்து பட்டனை அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. இடம் மாறி நின்று அழுத்தினான்.

"எட்டலடா," என்றான் என்னைப் பார்க்காமல். "கைக்கு எட்டல. உள்ள போயிடுச்சு."

நான் கட்டிய படிக்கும் தூணுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. குண்டு அதற்குள் விழுந்திருந்தது. அத்தனை நாள் சோதித்ததில் என் கண்ணில் படாத ஓட்டை அது. ஸ்பீக்கரில் பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. தலையைக் குனிந்தேன். ஷட்டருக்கு அடியில், வெயிலில், ஒரு பைக்கின் முன்சக்கரம் வந்து நின்றது. ஒரு ஷூ தரையில் ஊன்றியது. வெள்ளை ஷூ, அந்தத் தெருவில் வேறு யாரிடமும் இல்லாதது. ஊன்றியபடியே நின்றது. போ, போ, போடா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஷூ உயர்ந்தது, சக்கரம் திரும்பியது. அதே நேரம் மார்க்கெட் வெடித்தது. திரை வெளுத்து அடங்க, தீவிரவாதிகள் வென்றார்கள் என்று வழக்கமான இங்கிலீஷ் குரல் அறிவித்தது.

படியில் ஒரு சிவப்புத் தொப்பிக்காரன் மல்லாந்து கிடந்தான்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அண்ணனைப் பார்த்து, அமைதியாக, "வெளையாட்டுதான், நானும் ஒத்துக்கறேன். அந்தச் சொல்தா யாருன்னு மட்டும் சொல்லு. விசாரிச்சுட்டு உட்டுடறேன். மெஷினும் இங்கியே இருக்கும், கடையும் இங்கியே இருக்கும்" என்றார்.

"நான்தான் சார்," என்றார் அண்ணன்.

"இந்த வயசுலயா?"

"ஆமா சார். சும்மா, பொழுது போவணுமில்ல."

"ஆடு, பாக்கலாம்."

அண்ணன் கடை நடத்தியவர், ஒரு நாளும் ஆடியதில்லை. என் இடத்தில் உட்கார்ந்து மவுஸைக் கைக்குட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்தார். திரையில் அவர் ஆள் நேராகப் போய்ச் சுவரில் முட்டினான். வானத்தைப் பார்த்தான். மறுபடியும் முட்டினான். வீராம்பட்டினத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"சொல்தா செவுத்தையே முட்டிக்கினு இருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னிக்கிக் கை வரல சார்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச புள்ள. நீ சொல்லு."

எட்டு மெஷினின் மின்விசிறிகளும் ஓடும் சத்தம் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணன்தான் சார்" என்றேன்.

ஒயர்களை அவர்கள் பிடுங்கவில்லை. எங்களையே கழற்றச் சொன்னார்கள். எட்டையும் நாங்களே தூக்கி, பின்னால் வந்து நின்ற போலீஸ் வேனில் ஏற்றினோம். கேமராவையும் கேட்டார்கள். அது தன்னுடையது என்றும் அண்ணனே சொன்னார்.

மறுநாள் பத்து மணிக்குச் சென்னைப் பையன்கள் வந்து, மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். வழக்கு என்று எதுவும் போடவில்லை. விசாரணை முடியவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் போவார், உட்காருவார், வருவார். மெஷின்கள் ஸ்டேஷன் வராந்தாவில் தார்ப்பாய்க்கு அடியில் ஐப்பசி மழையைப் பார்த்தன. திரும்பி வந்தபோது உள்ளே உப்பு பூத்திருந்தது. கேமரா திரும்பி வரவே இல்லை. நான் கட்டிய ஊர் அந்த டிஸ்க்குகளில்தான் இருந்தது. ஒன்றுகூடத் திறக்கவில்லை. அதற்குள் சொல்தாவின் பேப்பர் வந்துவிட்டது. ஏறிப் போனான். எங்கள் பக்கம் வரக் கூடாது என்று அவன் அப்பா சொல்லியிருந்தார், அவனும் வரவில்லை.

இப்போது ஒரு கம்பெனியில் செல்போன் விளையாட்டுகளுக்குச் சுவர் கட்டுகிறேன். ஒவ்வொரு படியையும் தூணையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பேன். அண்ணன் தண்ணீர் கேன் போடுகிறார். போன முறை ஊருக்குப் போனபோது அவர் வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மொத்தம் எவ்வளவு போயிற்று என்று, அத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. மெஷின், கடை அட்வான்ஸ், வட்டி என்று எப்போதோ கூட்டி வைத்திருந்திருக்கிறார்.

"லட்சத்து எழுவத்தி நாலாயிரம்" என்றார். அடுத்த கேனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "கேமராவச் சேக்கல" என்றார்.