கூகை உட்கார்ந்த கூரை

பழைய சேலையை ஒரே இழுப்பில் கிழிப்பது போன்ற அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் தூக்கம் போய்விடும். பயத்தால் அல்ல, கோபத்தால்.

ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, இருட்டத் தொடங்கிய நேரத்தில் எங்கள் கூரைமேல் அது கேட்டது. அம்மாவின் செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்தேன். வெள்ளை முகமுள்ள கூகை ஒன்று அலகில் எலியைக் கவ்வியபடி என்னையே பார்த்தது. வலையில் ஒட்டிய மீன் நாற்றத்துக்கு எலி வரும், எலிக்கு அது வந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் அதன் பெயர் "சாவுக்குருவி"; அது உட்கார்ந்த வீட்டுக்காரர் ஏறினால் படகுக்கே ஆகாது என்பார்கள். அதுவும் மறுநாள் எங்கள் படகுக்குப் "பாடு", அதாவது ஏரியில் இறால் விழும் நல்ல இடத்தில் வலை போட எங்களுக்கு வரும் முறை. தவறினால் அடுத்த சுற்று வரை காத்துக் கிடக்க வேண்டும்.

தெருவே வாசலில் கூடிவிட்டது. நான் நைனா என்று கூப்பிடும் அப்பாவோடு ஒரே படகில் போகும் ஏழுமலை மாமா, அம்மாவின் சொந்தத் தம்பி, நைனாவிடம், "மாமா, நாளைக்கி நீ கரையில இரு. உன் பங்கு வூடு தேடி வரும்" என்றார்.

அம்மா விடவில்லை. "டேய், அது எலி புடிக்க வந்துது. அதுக்கு என் வூட்டுக்காரரு இன்னா பண்ணுவாரு?"

"எலிக்குத்தான் வந்தேன்னு உன்னாண்ட சொல்லிச்சாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் இல்லாமல் போன படகுக்கு வலை கொள்ளாத இறால். மாமா எங்கள் பங்கைக் கூடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்பாகத்தான் சொன்னார்: "பாத்தியா மாமா, நீ வராததாலதான்னு பேசிக்கிறாங்க." வலை வெறுமையாக வந்திருந்தால் கூகையைத் திட்டியிருப்பார்கள்; நிறைந்து வந்ததால் நைனாவைக் கரையிலேயே வைத்தார்கள்.

நைனா எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலமானால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார், கூரையைப் பார்ப்பார். ஒருநாள் கோடரியை எடுத்துக் கொல்லையில் கூகை குடியிருந்த மொட்டைப் பனையை வெட்டிச் சாய்த்தார். அதன் பொந்திலிருந்து ஒன்றும் பறக்கவில்லை. கூகை முன்பே போயிருந்தது. அடுத்த பாடு வந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்கள். அவர் இடத்தில் மாமாவின் மனைவியுடைய தம்பி ஏறினான்.

இப்போது நான் பொன்னேரியில் வேலை செய்கிறேன். ஊரில் கூகைச் சத்தம் கேட்டே வருஷங்கள் ஆகின்றன. எலிகள் மட்டும் வலையைக் கடித்துக்கொண்டிருக்கின்றன, அதற்கு யாரும் கூட்டம் போடுவதில்லை. போன மாதம் போயிருந்தபோது பாடு நாள். சேற்றில் சிக்கிய படகைத் தள்ளிவிட நைனாவைத்தான் கூப்பிட்டார்கள். தள்ளிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில், ஒரு கை படகின் விளிம்பில் இருக்க, கொஞ்ச நேரம் நின்றார். யாரும் ஏறச் சொல்லவில்லை. இஞ்சினைக் கிளப்பினார்கள், அவர் கையை எடுத்துக்கொண்டார்.