விட்டுப்போன ‘ன்னா’

அந்த ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனுக்கு ‘வேண்டாமக்கா’ என்று பெயர். நரம்பு வழியாக நேரே ரத்தத்தில் ஏற்றும் வெள்ளைச் சத்துப் பையை யார் கேட்டாலும், அவள் வாயில் முதலில் வருவது “வேண்டாம்”தான். பதினெட்டு வருடமாக அதே பாட்டு. பெரிய டாக்டரே அவளிடம் அடக்கித்தான் வாசிப்பார்.

அன்று, சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பெரியவருக்குப் பை கேட்டாள் மகள். அக்கா வார்டே அதிரச் சொன்னாள்: “குடல் வேலை செய்யுதுன்னா வயித்து வழியாத்தாம்மா குடுக்கணும். முழுங்க முடியலையா, மூக்கு வழியா ட்யூப் போடலாம். பை ரத்தத்துக்குள்ள போற சமாச்சாரம், கிருமியும் கூடவே தொத்திக்கும்.”

பக்கத்துக் கட்டிலில் மனைவிக்குத் துணையிருந்த லாரி டிரைவர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அவளுக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி எட்டு நாள். குடல் இன்னும் அசையவில்லை. வாய்க்கு ஒன்றும் தரக்கூடாது என்று உத்தரவு. மனுஷனுக்கு மனசு கேட்குமா? சூப் வாங்கிவந்து, யாரும் பார்க்காமல் நாலு ஸ்பூன் ஊட்டிவிட்டார்.

மத்தியானம் மனைவி வாந்தியெடுத்துத் துவண்டாள். வயிறு பானையாக உப்பியிருந்தது.

“யாருய்யா குடுத்தது?” என்று பாய்ந்தாள் அக்கா.

“நீங்கதானேக்கா சொன்னீங்க, வயித்து வழியாத்தான் குடுக்கணும்னு?”

“வேலை செய்யுதுன்னான்னு சொன்னேனே! அந்த ‘ன்னா’வை எங்கய்யா விட்டீங்க?”

கத்திய பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. ‘வேண்டாம்’ மட்டும் ஊருக்கே கேட்கும்படி அல்லவா இத்தனை வருடம் சொல்லியிருக்கிறாள்! எலும்பும் தோலுமாகக் கிடந்த இவளுக்குப் பை கேட்க, எட்டு நாளாக ஒருவருக்கும் வாய் வரவில்லை. நேரே பெரிய டாக்டரிடம் போனாள்.

“அந்தப் பொண்ணுக்குப் பை வேணும் சார். இன்னிக்கே.”

டாக்டர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

பதினோரு நாள் பை ஓடியது. தினமும் குழாய் போட்ட இடத்தை அக்காவே பார்ப்பாள், குடல் அசைய ஆரம்பித்ததா என்று தெரிந்துகொள்ள டிரைவரிடம் ஒரே கேள்வி கேட்பாள்: “காத்து பிரிஞ்சுதா?” அவர் வெட்கத்தோடு உதட்டைப் பிதுக்குவார்.

பன்னிரண்டாம் நாள் காலை வராந்தாவில் ஓடிவந்தார். “அக்கா! காத்து போயிடுச்சு!”

“லாரி டயரா?”

“ஐயோ, என் பொண்டாட்டிக்குக்கா!”

வார்டே சிரித்தது. டாக்டர் வந்து பார்த்துச் சரியென்றதும், அக்கா ஸ்பூனை அவர் கையில் கொடுத்தாள்.

“நிஜமா குடுக்கலாமாக்கா?”

“குடுங்க. குடல் வேலை செய்யுது,” என்றாள். இந்தத் தடவை ‘ன்னா’ இல்லை.