வாசலில் தொங்கிய வேப்பந்தழை

“எட்டாங்கிளாஸ் படிச்சுப்போட்டா டாக்டரம்மா ஆயிருவியா சாமி? சும்மா கெட.”

சங்ககிரியில் என் பெரியம்மா இப்படிச் சொன்னபோது பக்கத்து வீட்டு வாசலில் வேப்பந்தழை தொங்கியது. இந்த முறை கடல் தாண்டி, மலேயாவின் ஈப்போவில், என் வாசலிலேயே தொங்கியது. எதிர்வீட்டுச் சீனத்துப் பெண் அதைப் பண்டிகைத் தோரணம் என்று நினைத்துவிட்டாள். சிரித்தபடி உள்ளே வந்து என் கையில் ஆரஞ்சுப் பழங்களை வைத்தாள். நம் ஊரில் தழை கட்டிய வீட்டுக்குள் யாரும் நுழையமாட்டார்கள். என்ன நோய் என்றும் கேட்கமாட்டார்கள். அம்மை என்று எடுத்துக்கொள்வார்கள். யாரும் கேட்கக் கூடாது என்றுதான் நானும் கட்டியிருந்தேன்.

எனக்குக் காய்ச்சல், தொண்டை வலி. கழுத்தில் நெறி கட்டி, உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. சங்ககிரியில் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இப்படித்தான் தடித்தது. அவள் புருஷன் பம்பாய் லாரி ஓட்டியவர். பால்வினை நோயை அவர்தான் கொண்டுவந்தார் என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும் தழை கட்டி மூடினார்கள். சேலம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் தீரும் என்று நான் சொன்னதற்குத்தான் பெரியம்மாவின் அந்தப் பேச்சு. அக்காவின் வயிற்றில் ஒரு பிள்ளையும் தங்கவில்லை.

என் கணவரும் லாரிக்காரர்தான், இங்கே ஈயச் சுரங்கத்தில். என்னை அழைத்துக்கொள்ளும் முன் சில வருடம் தனியாக இருந்தவர். அன்று சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

“ஏனுங்க, நான் வர்றதுக்கு முந்தி எவகிட்டயாச்சும் போயிருக்கீங்களா?”

“காய்ச்ச தலைக்கேறிருச்சா உனக்கு?”

“தல தெளிவாத்தானுங்க இருக்குது. சொல்லுங்க.”

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். “அதெல்லாம் பழைய கத. எனக்கு ஒண்ணுமில்ல. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்.”

“அக்கா ஊட்டுலயும் இப்படித்தானுங்க மானத்தக் காப்பாத்துனாங்க.”

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா தடிப்பைப் பார்த்து, இது சாதாரண மீசில்ஸ், தட்டம்மைதான், தானே போய்விடும், வீட்டுக்குப் போ என்றார். நான் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சிபிலிஸுக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். மருந்து கட்டிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சுகாதாரப் பாடத்தில் படித்த சொல்லைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

தடிப்பு மறைந்தது. ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று வந்தது. கணவருக்கும் பார்த்தால்தான் நிம்மதி என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து தழையை அவிழ்த்தேன். தூக்கி எறிய மனமில்லை. நம் ஊரில் செய்வதுபோல, காய்ந்த இலைகளைச் சயாம் அரிசி டின்னுக்குள் போட்டேன், வண்டு வராது. வாசல் இந்த ஊர் வாசல்போல் வெறுமையாகிவிட்டது. சோற்றில் மட்டும் லேசாகச் சங்ககிரி கசக்கிறது.

இதைக் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட வந்த கணவரின் பெயரை நான்தான் கொடுத்தேன். இப்போதுதான் கூப்பிட்டார்கள்; சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்.