பெருமாயி வீட்டு ஆர்மோனியம்

சேலத்தில் இப்போது ரோஸ்லின் டீச்சரிடம் ஆர்மோனியம் படிக்க வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, மூன்று மாதத்தில் எத்தனை பாட்டு வரும் என்றுதான். ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டு, கொல்லிமலையில் இருந்த ஒன்பது வருடத்தை நினைத்து ஏங்கிப்போவார். ஏக்கம் என்றால் சும்மா இல்லை, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாத ஏக்கம்.

அப்போது டீச்சரின் கணவருக்கு மலைமேல் செம்மேட்டுப் பள்ளியில் வேலை. வாடகை வீட்டு முன்னறையில் டீச்சரின் வகுப்பு. ஏழு வயசோ எழுபது வயசோ, யார் வந்தாலும் முதல் நாள் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கவே மாட்டார். உங்கள் கைக்கு நன்றாகப் பழகின வேலை எது, செய்து காட்டுங்கள் என்பார். ஆபீஸ்காரர் அர்த்தநாரி சீல் குத்திக் காட்டினார், மைப்பெட்டியில் ஒன்று, தாளில் ஒன்று. எட்டு வயசு சங்கீதா கயிறு தாண்டினாள். அந்த வேகத்தில்தான் அவரவருக்கு முதல் பாட்டு. இதென்ன கூத்து, பாட்டு டீச்சர் சீல் குத்தச் சொல்கிறாராம் என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு வந்து சேர்ந்தார்கள், அது வேறு கதை.

பெருமாயி வந்தது ஓர் ஆனி மாதம். அறுபது வயசு. மலையிலேயே பைல் நாடு என்கிற பகுதியில் சாமையும் மிளகும் விளைகிற கொஞ்சம் காடு. அவர் வீட்டில் இருந்தது பஜனைக் கோஷ்டியின் ஆர்மோனியம். கணவர் செல்லமுத்து முப்பது வருடம் வாசித்தது. தை மாதம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாசிக்கிறவர் வீட்டில்தான் பெட்டி இருக்க வேண்டும் என்பது கோஷ்டியின் வழக்கம். புரட்டாசி முதல் சனிக்கிழமை பஜனையில் இந்த வீட்டிலிருந்து யாராவது வாசித்தால் சரி, இல்லாவிட்டால் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று தலைவர் பூபதி சொல்லிவிட்டார்.

"பெட்டியும் போயிருச்சுன்னா ஊட்டுல அவரு இருந்ததுக்கு என்னங்க மிச்சம்?" என்றார் பெருமாயி.

ரோஸ்லினுக்குத் தெரிந்ததெல்லாம் சர்ச் பாட்டு. பெருமாள் பஜனையைக் கேட்டதுகூட இல்லை. பெருமாயி பாட, டீச்சர் ஆர்மோனியத்தில் கட்டை தேட, யாருக்கு யார் டீச்சர் என்றே தெரியாமல் அந்த மூன்று மாதமும் ஓடியது. முதல் நாள் பெருமாயி முறத்தில் சாமை புடைத்துக் காட்டினார். இரண்டு தட்டு, ஒரு சரிப்பு, நிதானமான கை. இதே வேகத்தில் துருத்தியை அழுத்துங்கள், யார் விரட்டினாலும் மாற்றாதீர்கள் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. பூபதி தாளத்தைத் தட்டினார் பாருங்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி! கோஷ்டியும் பின்னாலேயே ஓடியது. பெருமாயியின் கை மட்டும் சாமை புடைத்துக்கொண்டிருந்தது. தாளம் முன்னே, பெட்டி பின்னே. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார் ரோஸ்லின். மாற்றாதே என்று சொல்லி நானே கெடுத்துவிட்டேனே என்று மனசுக்குள் அழுதார்.

இரண்டாவது அடியில் ஒருவர் கைத்தாளம் தயங்கியது. பிறகு இன்னொன்று. மூன்றாவது அடிக்குக் கோஷ்டி மொத்தமும் பெருமாயியிடம் வந்து சேர்ந்திருந்தது. பாட்டு முடிந்ததும் பூபதி தாளத்தைக் கீழே வைத்தார்.

"இது செல்லமுத்து வேகமுங்க. அவன் போனதுல இருந்து நாங்கதான் தறிகெட்டு ஓடிட்டிருக்கோம்," என்றார். பிறகு பெருமாயியிடம், அவன் உனக்குச் சொல்லிக் கொடுத்தானா என்று கேட்டார்.

இல்லை என்றார் பெருமாயி. அவர் இருந்தவரை பெட்டியைத் தொட்டதே இல்லையாம். சாயங்காலம் அவர் வாசலில் வாசித்துப் பழகுவார், தான் பக்கத்தில் சாமை புடைத்துக்கொண்டிருப்பதோடு சரி என்றார். சொல்லி முடிக்கும்போதே தன் கையைக் குனிந்து பார்த்தார். பெட்டியை எடுத்துப்போகும் பேச்சை அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை. ரோஸ்லின் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் புடைக்கறதப் பார்த்துத்தானுங்க, டீச்சர், அவரு வாசிச்சிருக்காரு," என்றார் பெருமாயி. "முப்பது வருசம். ஒரு வார்த்தை சொல்லலீங்களே அந்த மனுசன்."